சொல்லாமல் பிடுங்கிய பல்

பனிச்சங்கேணி,
22.02.2009.

அன்புள்ள அக்கா அறிவது,

சித்தாண்டி முருகன் உங்களை அந்த ஊர் வெயிலிலும் அந்த வீட்டு வேலையிலும் காப்பாற்றட்டும். மற்றக் கடிதங்களில் இதற்கு அடுத்த வரியாக, நானும் அம்மாவும் நல்ல சுகம் என்று எழுதுவேன். இன்றைக்கு அதை எழுதவில்லை. நீங்கள் குவைத்துக்குப் போன பிறகு நான் எழுதிய பதினொரு கடிதத்திலும் அந்த வரி பொய்.

பயப்பட வேண்டாம். அம்மா இருக்கிறா. நான் இதை எழுதும்போது முற்றத்தில் இருந்து பாண் துண்டைத் தேநீரில் ஊறவைத்துச் சாப்பிடுகிறா. யாராவது படலையைத் திறந்தால் உடனே கோப்பையைச் சேலைக்குள் மறைத்துவிடுவா.

கிணற்றுத் தண்ணீர் சுனாமிக்குப் பிறகு இந்த வருடம்தான் வாயில் வைக்கக் கூடியதாக இருக்கிறது. களப்பில் இறால் படுகிறது, ஆனால் தோணி இறக்க நேரம் குறித்துத்தான் விடுகிறார்கள். உங்களுக்கென்று இருக்கிற வீட்டின் பின்சுவரில் ஷெல் பட்ட ஓட்டையை அழகரத்தினம் மாமா அடைத்துப் பூசித் தந்தார். பேட்டுக்கோழி அடைக்கு இருக்கிறது. நான் சுற்றி வளைக்கிறேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். சின்ன வயதிலும் சட்டியை உடைத்துவிட்டால் அதைச் சொல்வதற்கு முன் நான் நாலு நல்ல செய்தி சொல்வேன் என்று அப்பா சிரிப்பார்.

கச்சி முகம்மது நானாவின் கடைக்கு நீங்கள் போன் எடுக்கும்போது சொல்லலாம் என்று மூன்று முறை நினைத்துக்கொண்டு போனேன். அந்தக் கடையில் எப்போதும் ஐந்தாறு பேர் நிற்பார்கள். குவைத்தில் இருந்து போன் என்றால் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்ப்பார்கள். ஓம், ஓம், சுகம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

முதலில் இருந்து எழுதினால்தான் எனக்கு வரும். உங்களுக்குத் தெரிந்ததையும் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு வந்தது கான்சர். அக்கா, இந்தச் சொல்லை நான் எழுதுவது இதுதான் முதல் தரம். எழுதிவிட்டு எழும்பிப் போய் வாசலைப் பார்த்துவிட்டு வந்தேன். சுனாமியில் அப்பா போய் ஒரு வருடம் முடிவதற்குள் அம்மாவின் கன்னத்துக்குள்ளே ஆறாத புண் என்று தெரிந்ததும், மாமா நம் மூவரையும் இருத்திச் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். நம் ஆட்களிடம் குடி, வம்சம் தாய்வழியாக வருகிறது, அதுபோல நோயும் வயிற்றுவாரில் தாயிடமிருந்து மகளுக்கு இறங்கும் என்று ஒரு வாய் சொன்னால் போதும், இரண்டு குமரும் கரைசேராது என்றார். அதனால்தான் கழுத்தில் கழலை, வெட்டப் போகிறா என்று ஊருக்குச் சொன்னோம். நீங்கள் புது வீட்டு வேலையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நான்தான் சுனாமியோடு எட்டாம் வகுப்பில் நின்றவள், வேறு வேலை இல்லாதவள் என்று அம்மாவோடு கொழும்புக்கு அனுப்பினீர்கள். அப்போது எனக்குப் பதினைந்து வயது நடந்துகொண்டிருந்தது.

அங்கே ஏழு கிழமை இருந்தோம். முதலில் அந்தப் பக்கத்தில் பழுதாய் இருந்த நாலு பல்லைக் கழற்றினார்கள். அது ஆறிய பிறகுதான் கரண்ட் பிடிக்க, அதாவது கதிர் அடிக்கத் தொடங்கினார்கள். மூன்றாம் கிழமையில் இருந்து வாய் முழுக்கப் புண். அம்மாவுக்கு உமிழ்நீர் வற்றிப்போனது. சோற்றை வாயில் வைத்தால் மணலை வைத்த மாதிரி என்று கையால் காட்டுவா. பேச முடியாததால் டாக்டர் கேட்கிறதற்கெல்லாம் நான்தான் பதில் சொல்ல வேண்டும். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொல்வேன்.

துண்டு வெட்டி வீட்டுக்கு விட்ட நாளில் தமிழ் தெரிந்த நர்ஸ் மிஸ் ஒருவ என்னைக் கூப்பிட்டு இருத்திச் சொன்னா. கரண்ட் பிடித்த பக்கத்தில் எலும்புக்கு இரத்தம் சரியாகப் போகாது. இனி எத்தனை வருடம் போனாலும் அந்தப் பக்கத்தில் ஒரு பல்லையும் எங்களைக் கேட்காமல் எங்கேயும் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் புண் மூடாது, எலும்பு செத்துப்போகும். எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் முதல் வார்த்தையாக இதைச் சொல்ல வேண்டும். இப்படிச் சொல்லிவிட்டு, திருப்பிச் சொல் பார்ப்போம் என்றா. நான் அப்படியே திருப்பிச் சொன்னேன். கெட்டிக்காரி என்று தலையில் தட்டினா. கிளினிக் கொப்பியிலும் அதை எழுதி, சிவப்புப் பேனையால் அடிக்கோடு கீறிவிட்டா.

அக்கா, எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நீங்கள் நினைக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். எனக்குத் தெரியும்.

அடுத்த வருடம் ஷெல் அடிக்குத் தப்பி ஓடி வந்து சித்தாண்டி முகாமில் இருந்தோமே, அப்போது அம்மாவின் அந்தப் பக்கத்துக் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று ஆடத் தொடங்கியது. கன்னம் வீங்கி இரண்டு நாள் தண்ணீரும் இறங்கவில்லை. மூன்றாம் நாள் முகாமுக்கு ஒரு வான் வண்டியில் பல் டாக்டர் வந்தார். நீங்கள் அன்று அடையாள அட்டை விஷயமாகக் கச்சேரி அலுவலகத்துக்குப் போயிருந்தீர்கள். அன்னப்பூரணி மாமிதான் ஓடி வந்து சொன்னா. அப்போது அவ நமக்கு ஒருவருமில்லை. முகாமுக்குச் சோறு சமைத்துக் கொண்டுவருகிற சித்தாண்டிப் பெண்களில் ஒருவ, அவ்வளவுதான். ஆனால் முதல் நாள்தான் அம்மாவிடம், மூத்தவளுக்கு எங்கேயும் கல்யாணப் பேச்சு இருக்கிறதா, நீங்கள் என்ன குடி என்று கேட்டிருந்தா. தன் மகன் உதயரூபனைப் பற்றியும் சொல்லியிருந்தா. அன்று அம்மா வலியோடும் சிரித்ததை நான் பார்த்தேன். அப்பா போன பிறகு அம்மா சிரித்தது அன்றுதான்.

மரத்தடியில் ஒரு கதிரை. சுற்றி வரிசையில் ஐம்பது அறுபது பேர். மறைப்பு ஒன்றும் இல்லை. மாமி அம்மாவின் கையைப் பிடித்துக் கொண்டுபோய் அந்தக் கதிரையில் இருத்தினா. டாக்டர் இளம் ஆள், நல்லவர். அவர் மேல் பிழை இல்லை. அவர் கேட்டார். சீனி வருத்தம் இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, இதற்கு முன் வாயிலோ கழுத்திலோ ஏதாவது வைத்தியம் செய்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மாவின் வாய் வீங்கி இருந்ததால் என்னைப் பார்த்துக் கேட்டார். கழுத்துத் தோல் ஏன் கறுத்திருக்கிறது என்றும் கேட்டார். மாமி பக்கத்தில் நின்று நான் சொல்லப்போவதைக் கேட்டுக்கொண்டிருந்தா. கிளினிக் கொப்பி என் மடியில், பைக்குள்ளே இருந்தது. நான் ஒன்றும் இல்லை என்று சொன்னேன். கழுத்தில் எண்ணெய் தெறித்தது என்றும் சொன்னேன்.

அம்மா என்னைப் பார்த்தா. தடுக்கவில்லை. மாமி மட்டும் பெருமையாக, இவ ஒரு நோய் நொடி இல்லாத ஆள் டாக்குத்தர் என்றா. இரண்டு நிமிடத்தில் பல் வந்துவிட்டது.

அந்தப் புண் இன்னும் மூடவில்லை, அக்கா. இரண்டு வருடம். முதலில் பல்லின் வேர் உள்ளே நின்றுவிட்டது, வெள்ளையாகத் தெரிகிறது என்று நினைத்தோம். அது வேர் இல்லை. எலும்பு. மிஞ்சிய பற்களும் அடிப்பக்கம் கறுத்து, கடலைத் தோல் மாதிரி உடைந்து விழுகின்றன. வாய் இரண்டு விரல் அளவுக்குத்தான் திறக்கிறது. உப்புத் தண்ணீரால் ஒரு நாளைக்கு எட்டுத் தரம் கொப்பளித்தாலும் மணம் போகவில்லை. அம்மா என்னோடு பேசும்போதும் இப்போது வாயைத் துவாயால் மூடிக்கொள்கிறா. எனக்கு மணம் வரக்கூடாதாம். எனக்கு.

தை பிறந்து மாமி வெற்றிலை வட்டாவோடு வந்தது பற்றிப் போன கடிதத்தில் சந்தோஷமாக எழுதியிருந்தேன். எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். வட்டாவை நீட்டினால் எடுக்காமல் விட முடியுமா? அம்மா ஒரு வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவி வாய்க்குள் வைத்து, மாமி போகும் வரைக்கும் மென்றுகொண்டிருக்கிற மாதிரி கன்னத்தை அசைத்தா. பிறகு கிணற்றடியில் போய்த் துப்பியபோது இரத்தமாக வந்தது. சுண்ணாம்பு பட்டு இரவு முழுக்கத் துடித்தா.

கொழும்புக்குப் போவோம் என்று நான் சொன்னால், மூத்தவளின் காரியம் முடியட்டும் என்கிறா. மறுபடி ஒன்றரை மாதம் கொழும்பில் இருந்தால் மாமி என்ன ஏது என்று விசாரிப்பா, எல்லாம் வெளியில் வரும் என்று பயம். நீங்கள் வந்து கல்யாணம் முடிய ஆவணி ஆகும். அதுவரை அந்த எலும்பு பொறுக்குமா என்று எனக்குத் தெரியாது.

அக்கா, மாமியிடம் உண்மையைச் சொல்ல எனக்கு உத்தரவு தாருங்கள். நீங்கள் தராமல் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அது உங்கள் வாழ்க்கை. என்னைத் திட்டி எழுதுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். ஆனால் கெதியாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி,
கம்சாயினி.


பனிச்சங்கேணி,
24.05.2009.

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அம்மா முதலில் எழுதச் சொல்கிறா. கை வெடிப்புக்கு இரவில் தேங்காயெண்ணெய் பூசட்டுமாம்.

யுத்தம் முடிந்துவிட்டது என்று செவ்வாய்க்கிழமை சொன்னார்கள். சந்தியில் பட்டாசு கொளுத்திப் பாற்சோறு கொடுத்தார்கள். பஸ்ஸில் வந்தவர்களின் கையிலும் வைத்தார்கள். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். வன்னியில் இருந்த பெரியப்பாவின் ஆட்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அம்மா அவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி விளக்கு வைத்தா. இங்கே இப்போது எல்லா வீட்டிலும் இப்படித்தான்.

பங்குனியில் நீங்கள் கடைக்கு எடுத்த போன் பற்றி எழுத வேண்டும். ஆவணி மட்டும் பொறு கம்சா என்று சொல்லிவிட்டு அழுதீர்கள். நான் ஓம் என்றேன். உங்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இரண்டு வருடம் ஒரு வீட்டின் கக்கூசுகளைக் கழுவிக்கொண்டு, ஊருக்குத் திரும்பினால் ஒரு மனிதர் காத்திருக்கிறார் என்று நினைத்துப் படுக்கிற ஒருவ வேறு என்ன சொல்வா? அந்த மனிதரும் நல்லவர் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். வட்டை வயலில் வேலை என்றால் சேறு காயும்வரை வீட்டுக்கு வரமாட்டாராம். போன மாதம் நமக்கு இரண்டு மூட்டை நெல்லை இறக்கிவிட்டு, தேநீரும் குடிக்காமல் வெட்கத்தில் போய்விட்டார். அவருக்கும் என்னைப் போலக் கூச்சம்.

ஆனால் நான் பொறுத்திருக்கவில்லை. பாதி மட்டும் பொறுத்தேன்.

சித்திரை வருடப்பிறப்புக்கு அடுத்த நாள் அம்மாவின் தாடைக்குக் கீழே தோல் சிவந்து, ஒரு பருப் போல உடைந்து சீழ் வரத் தொடங்கியது. கொப்பளிக்கிற தண்ணீர் அந்தத் துவாரத்தால் வெளியே வழிகிறது. அதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை. மாமாவுக்கும் சொல்லாமல், துணி வாங்கப் போவதாகச் சொல்லி அம்மாவை மட்டக்களப்புக்குக் கூட்டிப் போனேன். முழு வழியும் அம்மா முக்காடு போட்டுக்கொண்டு வந்தா. பக்கத்தில் இருந்த மனிசி இரண்டு தரம் மூக்கைச் சுளித்துவிட்டு எழும்பி முன்னுக்குப் போனா. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டா. நான் காணாத மாதிரி இருந்தேன்.

அங்கே பெண் டாக்டர். கிளினிக் கொப்பியை நானே எடுத்துக் கொடுத்தேன். சிவப்புப் பேனையால் கீறிய இடத்தை அவ வாசித்துவிட்டு, இதில் இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறதே, பல்லைக் கழற்றியவருக்கு இதைக் காட்டவில்லையா என்று கேட்டா. காட்டவில்லை என்றேன். ஏன் என்று கேட்டா. நான் அம்மாவின் முக்காட்டைச் சரிசெய்தேன். அவ ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தாடை எலும்பு ஒரு இடத்தில் ஈர்க்குப் போல மெலிந்துவிட்டது, கொட்டாவி விட்டாலும் முறியலாம், உடனே கொழும்புக்குப் போக வேண்டும் என்று துண்டு எழுதித் தந்தா.

அந்தத் துண்டுக்கு இன்றோடு ஐந்து கிழமை. அம்மா மாட்டேன் என்கிறா. ஆனி முதல் கிழமை மாமியின் சகோதரர்கள் எல்லோரும் நாள் குறிக்க வருகிறார்களாம். அன்று தாய் இல்லாமல் அந்த வீட்டில் என்ன சம்பந்தம் என்று கேட்கிறா. நேற்று நான் அழுதுகொண்டு காலைப் பிடித்தேன். அம்மா வாய்க்குக் கட்டியிருந்த துவாயை எடுத்துவிட்டு, நான் விளங்கிக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னா.

“எனக்கு இனி என்னத்துக்கு மனே வாய்? அவள்ர கழுத்துல ஒண்டு ஏறட்டும்.”

அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு முடிவெடுத்தேன். அம்மாவுக்கு மறைக்க ஒன்று இருக்கும்வரைக்கும் அம்மா கொழும்புக்குப் போகமாட்டா. மறைக்க ஒன்றும் இல்லை என்று நான்தான் ஆக்க வேண்டும். ஒன்றும் இல்லை என்று அன்று பொய் சொன்னவளும் நான்தானே.

நாளைக்குச் சித்தாண்டிக்குப் போகிறேன். தனியாகப் போகிறேன். முதல் பஸ்ஸில் போய், மாமி சமையலுக்கு இறங்குவதற்கு முன் பிடிக்க வேண்டும். என்ன சொல்வது என்று ஒரு கொப்பி ஒற்றையில் எழுதி மூன்று தரம் கிழித்துவிட்டேன். ஆட்களைப் பார்த்தால் எனக்கு நாக்கு எழும்பாது என்று உங்களுக்குத் தெரியும்தானே.

நீங்கள் சொன்னதை மீறுகிறேன். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். உங்களைத் தடுக்க விடாமல் செய்கிறேன் என்று நினைப்பீர்கள். அது உண்மைதான்.

உங்கள்,
கம்சாயினி.


கொழும்பு,
28.06.2009.

அன்புள்ள அக்காவுக்கு,

இதை ஆஸ்பத்திரி வாட்டுக்கு வெளியே இருக்கிற நீளமான மர வாங்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாங்கள் இங்கே வந்து மூன்று கிழமை. அம்மா உள்ளே சாய்ந்து படுத்திருக்கிறா. மூக்கால் குழாய் விட்டுப் பால் கொடுக்கிறார்கள். நிறை கொஞ்சம் கூடியிருக்கிறது.

ஊரில் மாமாவிடம் கேட்டுப் பார்த்தேன், உங்களிடம் இருந்து கடிதமும் இல்லை, போனும் இல்லை. உங்களுக்கு என்னோடு பேச விருப்பமில்லை என்று விளங்குகிறது. ஆனால் நடந்ததை வேறு யாரும் உங்களுக்கு முறையாகச் சொல்லமாட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

அன்று நான் போனபோது மாமி முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டு நின்றா. என்னைக் கண்டதும், வாகா சின்ன மருமகள், வாயத் திறந்து பேசப் பழகிட்டியா, தனியா வந்திரிக்காய் என்று பகிடி பண்ணினா. இருந்து சாப்பிடச் சொன்னா. நான் இருக்கவில்லை. இருந்தால் சாப்பிடுவேன், சாப்பிட்டால் சொல்லமாட்டேன் என்று தெரியும். நின்றபடி, நெல்லைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அம்மாவுக்கு முன்னர் கான்சர் வந்தது, ஊருக்குத்தான் கழலை என்று சொன்னோம். கொழும்பில் கரண்ட் பிடித்தார்கள். அந்தப் பக்கத்துப் பல்லைப் பிடுங்கக் கூடாது என்று என்னிடம்தான் சொன்னார்கள். நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள் என்பதற்காக டாக்டரிடம் மறைத்தேன். இப்போது எலும்பு செத்துவிட்டது. இவ்வளவும் சொல்லி முடிக்க நான் எத்தனை தரம் நிறுத்தினேன் என்று தெரியாது. கோழிகள் வந்து நெல்லைக் கொத்தின. மாமி துரத்தவில்லை.

ஏமாற்றுக்காரர் என்று அவ கத்துவா, கான்சர் குடி என்பா என்று எதிர்பார்த்துக்கொண்டு போனேன். அவ கேட்டது வேறு.

“அண்டைக்கு நாந்தானே புள்ள அவட கையப் புடிச்சி அந்தக் கதிரயில இருத்தினன். சொல்லிருந்தா இருத்திருப்பனா?”

அக்கா, இரண்டு வருடமாக இந்தப் பாவத்தை நான் ஒருத்திதான் சுமக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அந்த மனிசியின் கையையும் அதற்குள் இழுத்துவிட்டேன் என்று அப்போதுதான் விளங்கியது. நான் அந்த நெல்லின் மேலேயே இருந்துவிட்டேன். அவ என்னைத் தூக்கவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டா.

நாலாம் நாள் மாமி தனியாக நம் வீட்டுக்கு வந்தா. வட்டா கொண்டுவரவில்லை. அம்மா கண்டதும் துவாயை இழுத்து மூடினா. மாமி கிட்ட இருந்து, கா, திற, பார்ப்போம் என்றா. அம்மா என்னைப் பார்த்தா. அந்தப் பார்வையில் எல்லாம் விளங்கிவிட்டது அம்மாவுக்கு. பிறகு மெதுவாகத் துவாயை எடுத்து, திறக்கக்கூடிய அளவுக்கு வாயைத் திறந்து காட்டினா. மாமி முகத்தைச் சுளிக்காமல் பார்த்தா. கடைசி வரைக்கும் பார்த்தா.

பிறகு மாமி சொன்னதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாளாக யோசித்தேன். அப்படியே எழுதுகிறேன். மாமியின் சகோதரர்கள் மறுத்துவிட்டார்கள். நோயை விடவும் மறைத்ததுதான் அவர்களுக்குக் கோபமாம். தான் ஒரு பெண், தன் சகோதரர்களை மீறிச் செய்ய ஏலாது என்று மாமி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னா. மகன் என்ன சொல்கிறார் என்று அம்மா கேட்டா. அவன் ஒன்றும் சொல்லவில்லை, சாப்பிடாமல் வட்டைக்குப் போய்விட்டான் என்று மட்டும் சொன்னா. அதில் நம்பிக்கை வைக்கலாமா என்று எனக்குத் தெரியாது. வையுங்கள் என்று உங்களுக்கு எழுதவும் எனக்குத் தகுதி இல்லை.

அன்று மத்தியானம் மாமியே கஞ்சி வடித்து, துணியில் பிழிந்து அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுத்தான் போனா. அம்மா அதை ஒளிக்காமல், அவவுக்கு முன்னால் இருந்து குடித்தா.

அதற்குப் பிறகு அம்மா ஏழு நாள் என்னோடு பேசவில்லை. உன் அக்காவின் தலையில் மண்ணைப் போட்டாய் என்று ஒரே ஒரு தரம் சொன்னா. எட்டாம் நாள் விடிய எழும்பிப் பார்த்தேன். சேலைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தா. எங்கே என்று நான் கேட்கவில்லை. இனி என்ன இருக்கிறது, வா, போவோம் என்றா.

இங்கே வந்த முதல் நாள் நல்ல கூட்டம். பெயர் கூப்பிட்டு எல்லோருக்கும் முன்னால் வைத்துத்தான் கேட்டார்கள். எங்கே பல் பிடுங்கினது, எப்போது, கரண்ட் பிடித்ததை அவருக்குச் சொன்னீர்களா என்று. தமிழ் தெரிந்த ஒருவர் சிங்களத்தில் மாற்றிச் சொன்னார். நான் சொல்லவில்லை என்று சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னேன். வரிசையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முகம் பற்றி எரிந்தது. ஆனால் நிலத்தைப் பார்க்கவில்லை.

ஏறாவூர் நஸீறா ராத்தா பக்கத்துக் கட்டிலில் தன் உம்மாவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறா. அவவின் உம்மாவுக்கும் வாயில்தான். பல் டாக்டர் என்ன கேட்டாலும் ஒளிக்க வேண்டாம் என்று நான் அவவிடம் சொன்னேன். நீ என்ன, சின்னப் பிள்ளை டாக்டர் மாதிரிப் பேசுகிறாய் என்று சிரித்தா. ஏன் என்று நான் சொன்ன பிறகு சிரிக்கவில்லை. தன் போன் நம்பரை உங்களுக்கு எழுதச் சொல்லித் தந்தா. தனித் துண்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்த மாதம் பதினைந்தாம் திகதி புதன்கிழமை அம்மாவுக்கு ஒப்பரேஷன். செத்த எலும்பை வெட்டி எடுத்து, காலில் இருந்து எலும்பு எடுத்து வைப்பார்களாம். அந்தப் பக்கத்தில் மிஞ்சின பற்களையும் எடுப்பார்கள். அம்மாவின் முகம் கொஞ்சம் கோணும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். பெரிய டாக்டர், இரண்டு வருடத்துக்கு முன் வந்திருந்தால் என்று தொடங்கி, என்னைப் பார்த்துவிட்டு மிச்சத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டார். கையெழுத்து நான்தான் வைத்தேன்.

அக்கா, ஒரே ஒன்று கேட்கிறேன். பதினேழாம் திகதி வெள்ளிக்கிழமை. உங்களுக்கு அன்று மத்தியானத்துக்குப் பிறகு வேலை குறைவு என்று சொல்லியிருக்கிறீர்கள். அன்று நஸீறா ராத்தாவின் போனுக்கு எடுங்கள். அம்மாவால் பேச முடியாது, வாய் கட்டியிருக்கும். நீங்கள் பேசினால் கேட்பா. கல்யாணம் போனதால் நீங்கள் தன்னை வெறுத்துவிட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறா. வெறுக்க வேண்டியது என்னைத்தான் என்று நான் எத்தனை தரம் சொன்னாலும் தலையை ஆட்டுகிறா. என்ன பேசுவது என்று தெரியாவிட்டால், அங்கே என்ன சமைத்தீர்கள் என்று சொல்லுங்கள். அது போதும்.

நான் எடுத்தால் நீங்கள் வைத்துவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. அதனால் ராத்தாதான் எடுப்பா. நான் போனை அம்மாவின் நல்ல பக்கத்துக் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டிருப்பேன். நான் பக்கத்தில் இல்லை என்று நினைத்துப் பேசுங்கள். ஒரு சொல்லும் சொல்லமாட்டேன்.

கடவுள் உங்களை நல்லபடியாக வைத்திருக்க வேண்டும்.

உங்கள் வாழ்வைக் குழப்பிய தங்கச்சி,
கம்சாயினி.